மதிய இடைவேளையில் கேட்ட மூச்சு

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நடந்தது எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப்போகிறேன். கூட்டியும் எழுதமாட்டேன், குறைத்தும் எழுதமாட்டேன். நான் கண்ணால் பார்க்காததை யார் சொல்லிக் கேட்டேன் என்று அங்கங்கே குறிப்பிட்டுவிடுகிறேன். போன் செய்தால் எடுக்கமாட்டேன், எழுதினால் படிப்பேன் என்று நீதான் சொல்லிவிட்டுப் போனாய். இதுவரை எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. இதற்காவது போடு. இது என்னைப் பற்றியது இல்லை, அப்பாவைப் பற்றியது.

அப்பாவைக் கண்காணிப்பு அறையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார்.

இனி வருவது படகு மாமா மாடிப்படியில் நின்று அம்மாவிடம் சொன்னது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். (ஒட்டுக்கேட்டேன் என்றும் சொல்லலாம்.) துறைமுகத்தின் காவல் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கத் தலைமை அலுவலகம் யாரிடமும் சொல்லாமல் ஆள் அனுப்பியிருக்கிறது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிரேன்கள் எல்லாம் நின்று தண்ணீருக்குள் சத்தம் அடங்குமே, அந்த நேரம். கறுப்பு உடை போட்ட ஒரு டைவர் அலைத்தடுப்புக் கற்களின் கோடியில் இறங்கி, தண்ணீருக்கு அடியிலேயே நீந்தி, மூன்றாம் பெர்த்தில் நின்ற தானியக் கப்பலின் அடியில் காந்தம் வைத்த ஒரு தகரப் பெட்டியை ஒட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். பெட்டிக்குள் மணல்தான். உண்மையான வெடியாக இருந்திருந்தால் கப்பல் இரண்டாகப் போயிருக்கும். பிறகு அந்த ஆளே சொட்டச் சொட்ட அலுவலக வாசலுக்கு நடந்து வந்து, "உங்க கப்பலுக்கு அடியில ஒண்ணு வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க" என்று சொன்னாராம்.

அந்த நேரத்தில் நாற்காலியில் இருந்தது அப்பா. திரையில் புள்ளி நகர்ந்திருக்கிறது. காதில் ஹெட்போன் இருந்திருக்கிறது. தண்ணீருக்குள் வைத்திருக்கும் மைக்கில் அந்த ஆளின் மூச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மணி, கை எட்டும் தூரத்தில். அப்பா அடிக்கவில்லை.

"மிதந்து வர்ற சாக்கப் பார்த்தாலே மணி அடிக்கற மனுஷன். அன்னைக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே புரியல" என்றார் படகு மாமா. மணி அடித்தால் முதலில் ஓடவேண்டியது அவர் படகுதான் என்பது உனக்குத் தெரியும். எத்தனை சாக்குகளுக்காக அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடியிருப்பார்.

அம்மா கேட்டதற்கு அப்பா, "ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு மின்விசிறியைக் கழற்றி, இறக்கைகளைத் துடைத்து, திரும்ப மாட்டினார். மறுநாளும் அதையே கழற்றினார். அம்மா லாண்டரியிலிருந்து வந்து, கப்பல்காரர்களின் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து சிவந்த கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "அந்த ஃபேன் என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள்.

விசாரணை வைக்கப்போகிறார்கள். ஏன் மணி அடிக்கவில்லை என்பதற்குச் சரியான காரணம் சொல்லவில்லையென்றால், வேண்டுமென்றே விட்டார் என்று எழுதிவிடுவார்களாம். அப்படி எழுதிவிட்டால் அப்பா எந்தத் துறைமுகத்தின் வாசலுக்குள்ளும் நுழைய முடியாது. போலீசுக்கும் போகலாம். பள்ளியில் கிரேன் ஓட்டுநரின் மகள் என்னிடம், "உங்கப்பா காசு வாங்கினாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் எதற்கு விட்டார் என்று கேட்டாள்.

அப்பாவுக்கு ஒரு வரி எழுது, அக்கா.

உன் தங்கை

மார்ச் 11

புழு,

உன் கடிதம் வந்த உறையின் கனத்தைப் பார்த்து, அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரும் யாரோ எனக்குத் திருத்துவதற்குப் பரீட்சைத் தாள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். புத்தகத்தை விட்டு வெளியே வந்து கொஞ்சம் விளையாடு.

அவருக்கு எழுதமாட்டேன். காரணம் உனக்குத் தெரியாது, அல்லது பாதி தெரியும். மீதியையும் தெரிந்துகொள். நான் அங்கே கப்பல் கப்பலாக இறங்கி அடிப்பாகத்தைச் சோதித்த நாட்களில் எல்லாம் அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். சரி, வேலை, கேட்கட்டும். ஒரு நாள் டாக்டரிடம் போய், என் மகள் மூச்சு முன்னைப் போல் இல்லை, ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வாரம் என்னைக் கரையில் பெஞ்சில் உட்காரவைத்து ஊதச் சொன்னார்கள், ஓடச் சொன்னார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்குள் குழுத் தலைவர் இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது. துறைமுகத்தைக் காவல் காக்கச் சொன்னால் மகளைக் காவல் காத்தார்.

இங்கே அந்தத் தொல்லை இல்லை. கேட்கும் அறையே கிடையாது. தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி இருக்கும். முகத்துக்கு நேரே வைத்த கை தெரியாது. கப்பலுக்குக் குறுக்காகக் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தடவித் தடவிப் போகவேண்டியதுதான். சிப்பி ஒட்டியிருந்தால் கையுறை கிழியும். தண்ணீர் இழுக்கும் ஓட்டைகளுக்குள் கையை விட்டுத் துழாவவேண்டும், யாராவது எதையாவது செருகியிருந்தால் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் கை உள்ளே போகும்போது ஒரு விநாடி எதையும் நினைக்கமாட்டேன். மேலே கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். யாரும் என்னைக் கேட்பதில்லை. அதுதான் எனக்கு வேண்டும். வேலை முடிந்து வந்தால் தூக்கம் மட்டும்தான்.

ஏன் மணி அடிக்கவில்லையாம்? தெரிந்தே ஆகவேண்டும் என்றில்லை. சும்மா எழுது.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

நீ "சும்மா" கேட்டதற்கு முறையாகப் பதில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை முதல் விசாரணை. அப்பா வந்து எதுவும் சொல்லவில்லை. இதுவும் படகு மாமா சொன்னதுதான். ஏன் மணி அடிக்கவில்லை என்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு, "நம்ம டைவர்னு நினைச்சேன்" என்றாராம் அப்பா. அன்று யாரும் இறங்குவதாக இல்லை, யாரும் போன் செய்யவும் இல்லை, அப்புறம் எந்த டைவர் என்று கேட்டார்களாம். சொல்ல முடியாது என்றாராம். மூன்று விதமாகக் கேட்டும் அதே பதில். "சொல்ல மறுத்தார்" என்று எழுதிக்கொண்டார்கள்.

அம்மா அன்று அவரை விடவில்லை. "ஊர்ல இருக்கற சத்தத்த எல்லாம் கேக்கத் தெரியுது, கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியல" என்றாள். அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாயைச் சரிசெய்யப் போய்விட்டார். நான் டார்ச் பிடித்தேன். அம்மா துணி காயப்போடப் போனதும் கேட்டேன்.

"யாருன்னுப்பா நினைச்சீங்க?"

கொஞ்ச நேரம் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒவ்வொருத்தரும் தண்ணிக்குள்ள ஒரு மாதிரி மூச்சு விடுவாங்க பாப்பா. சில பேரு பயந்த மாதிரி சின்னச் சின்னதா. சில பேரு குறட்ட மாதிரி. இது ஒரே நீளமா இழுத்து, விடும்போது பாதி விட்டு, ஒரு நிறுத்து, அப்புறம் மீதி. அந்த நிறுத்து இருக்கே, அது எல்லாருக்கும் வராது."

நான் அப்படி மூச்சு விட்டுப் பார்த்தேன். விட்டுப் பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. நீ தூங்கும்போதுகூட அப்படித்தான் விடுவாய். உன் பக்கத்தில் படுத்திருந்தவள் நான்தானே.

"அக்கா இங்க இல்லையேப்பா" என்றேன்.

"தெரியும்" என்றார். குழாயைத் திறந்து பார்த்தார். ஒழுகவில்லை.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை நானே விசாரித்தேன். பள்ளி விட்டதும் படகுத்துறைக்குப் போய் மாமாவிடம் நேராகக் கேட்டேன். அவர் முதலில் என்னை விரட்டினார். அப்புறம் கயிறு சுற்றிக்கொண்டே சொன்னார். யார் தண்ணீரில் இறங்கினாலும் முதலில் கண்காணிப்பு அறைக்குப் போன் செய்து பெயர் சொல்லவேண்டும். பெயர் சொல்லாமல் தண்ணீருக்குள் எது நகர்ந்தாலும் அது அந்நியம், மணி அடித்தே தீரவேண்டும். இதுதான் விதி என்றார். ஆனால் நீ இங்கிருந்த கடைசி மாதத்தில் மூன்று முறை போன் வரவில்லை. அவர் படகிலிருந்து குமிழிகளைப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில் அப்பாவைக் கேட்டிருக்கிறார். "நம்மாளுதான், விடு" என்று அப்பா சொல்லியிருக்கிறார், மூன்று முறையும். பெயர் சொல்லவில்லை. மாமாவும் விட்டுவிட்டார்.

இந்த நான்காவது முறையும் மாமா குமிழியைப் பார்த்திருக்கிறார், அக்கா. கேட்கக்கூட இல்லை. பழகிப்போய்விட்டது.

நீ ஏன் போன் செய்யவில்லை? குற்றம் சொல்ல அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அடுத்த விசாரணை ஏப்ரல் ஒன்பதாம் தேதி. நீ வந்து இதைச் சொன்னால் அப்பா யாரை மறைக்கிறார், ஏன் மறைக்கிறார் என்று அவர்களுக்குப் புரியும். உன்னை வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன், ஏனென்றால் அது உண்மை இல்லை. நீ வரவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 24

புழு,

படகு மாமாவுக்கு வாய் நீளம். கயிறு சுற்றுகிற வேலையைப் பார்க்கச் சொல்.

போன் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறாய். போனை எடுப்பது யார்? அவர். நான் என்ன சொல்லவேண்டும்? என் பெயர். உடனே அவர் "கேட்டது, இறங்கலாம்" என்பார். ஆறு வாரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவள், உட்காரவைத்தவரிடமே பெயர் சொல்லி அனுமதி வாங்கவேண்டும். வீட்டில் உப்பு எடுங்கள் என்றுகூட நாங்கள் பேசிக்கொள்ளாத நாட்கள் அவை. அதை நீ பார்த்தாய். உன் நோட்டில் எழுதியிருப்பாய்.

இதையும் எழுதிக்கொள். முதல் முறை அப்படி இறங்கியபோது கப்பலுக்கு அடியில் அந்த மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அடித்திருந்தால் படகு வந்திருக்கும், ஒலிபெருக்கியைத் தண்ணீருக்குள் விட்டு மேலே வா என்று கத்தியிருப்பார்கள், என் லைசன்ஸ் அன்றைக்கே போயிருக்கும். போகட்டும் என்றுதான் இருந்தது. அடிக்கவில்லை. நான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, கேட்டுக்கொண்டே சும்மா இருந்தார். டாக்டரிடம் போகும்போது மட்டும் விதி, இதற்கு விதி இல்லை. எனக்குக் கோபம் ஆறாதது அதனால்தான்.

அப்புறம், அந்த மூச்சு என்னுடையது இல்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த முசுடு மாஸ்டர் எல்லாரையும் அப்படித்தான் விடச் சொல்வார். "பாதி விடு, நிறுத்து, சுத்தி என்ன சத்தம்னு கேளு, மீதிய விடு." விடாவிட்டால் மண்டையில் துடுப்பால் தட்டுவார். அந்தச் சோதனைக்காரனும் அவரிடம் தட்டு வாங்கியவனாகத்தான் இருக்கும். உங்கள் அப்பா இத்தனை நாளும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டது மாஸ்டரை.

வந்து சொல்லச் சொல்கிறாய். சொன்னால் இங்கே எழுதிப்போடுவார்கள். சொல்லாமல் இறங்கியவள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் எந்தக் கரையிலும் என்னைத் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். எனக்கு வேறு என்ன தெரியும்? கடையில் துணி மடிக்கவா? நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. உண்மை எழுதினால் உனக்கு மார்க் போடுவார்கள்.

இன்றைக்கு இரண்டு கப்பல். கை விரல் மடங்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். இதைப் பற்றி இனி எழுதாதே.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். விசாரணைக்கு வா என்று இனி எழுதமாட்டேன். இங்கே நடப்பதை எழுதுவது வேறு விஷயம் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் முசுடு மாஸ்டர் பற்றி மட்டும் அப்பாவிடம் சொன்னேன். சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் ஏமாந்துபோகக்கூடிய ஒன்றில்தான் அவரும் ஏமாந்தார் என்று ஆகிவிடும் அல்லவா? துடுப்பால் தட்டுவாராம் என்றதும் சிரித்தார். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப இத்தன வருஷமா நான் கேட்டது அவள இல்லையா?" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. மாலை வரை பால்கனியில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் கிரேன்களின் தலை மட்டும் தெரியும். நான் சொல்லியிருக்கக்கூடாது.

இதை விசாரணையில் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். சொன்னால் யார் மூச்சு என்று கேட்பார்கள், பேச்சு உன்னிடம் போய் நிற்கும், வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு ஆள் வந்து ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதாம் தேதிக்குள் எந்த டைவர் என்று சொல்லாவிட்டால், தெரிந்தே வழி விட்டதாக முடிவு செய்வோம் என்று அதில் இருக்கிறது. அம்மா அதைப் படித்துவிட்டு, மடித்து, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெரியவகிட்ட இருக்கற பிடிவாதம் முழுக்க இவர்கிட்டேர்ந்து வந்தது. நடுவுல நான் விரிப்பு துவைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

வேறொன்றும் இல்லை. எனக்குக் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது.

உன் தங்கை

ஏப்ரல் 4

புழு,

வருகிறேன். அவரிடம் சொல்லாதே. அன்று காலை பஸ்ஸில் வந்து மதியம் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வரமாட்டேன் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவை, அழுவதை எல்லாம் முன்கூட்டியே முடித்துக்கொள்ளட்டும்.

உனக்காக வரவில்லை, மார்க்குக்காகவும் இல்லை. நேற்று ஒரு கப்பலின் ஓட்டைக்குள் கையை விடும்போது, இதற்கு முன்னால் யாராவது இங்கே சொல்லாமல் இறங்கி, யாராவது விடு என்று சொல்லியிருந்தால் என்று தோன்றியது. கையை வெளியே எடுத்துவிட்டேன். மேலே வந்து கையுறை கிழிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். இப்படி எத்தனை நாள் வேலை செய்வது?

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

நேற்று நீ பஸ் ஏறிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதற்கு முன் நடந்ததையும் எழுதுகிறேன். நீ அங்கேதான் இருந்தாய் என்றாலும் உன்னை நீயே பார்த்திருக்கமாட்டாய்.

வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையில் என்னையும் அம்மாவையும் கடைசி பெஞ்சில் உட்காரவிட்டார்கள். நீ உள்ளே வந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். சாட்சி வந்தால் எழுந்திருக்கத் தேவையில்லை என்று அந்த ஜலதோஷம் பிடித்த அதிகாரி சொன்னார். அப்பா உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீ அவரைப் பார்க்கவே இல்லை. மேசை மேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தபடி பேசினாய். ரொம்ப இளைத்திருக்கிறாய். கையில் சிப்பி கிழித்த கோடுகள் இருந்தன, அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவ சொல்லாம இறங்கினேன். அவருக்குத் தெரியும், மணி அடிக்கல. அப்ப நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல" என்றாய்.

"வீட்ல பேசிக்காததுக்கும் துறைமுகத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதத்தான் சார் சொல்றேன்" என்றாய்.

அவர் கேட்கும் முன்பே லைசன்ஸ் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாய். அது பற்றிய முடிவைப் பிறகு தெரிவிப்போம் என்றார். நீ தலையாட்டிய விதத்தைப் பார்த்தால், வேலை முடிந்து யாரோ உன்னை வீட்டுக்குப் போகச் சொன்னது போல இருந்தது.

பிறகு வராந்தாவில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில். நான் உங்கள் இருவருக்கும் நடுவில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதனால் சரியாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திருத்து.

"அங்க யாராவது கேக்கறாங்களா?" என்றார் அப்பா.

"இல்ல."

"அப்ப நீயே கேட்டுக்க."

நீ, "சரிப்பா" என்றாய். அம்மா, "இந்த ரெண்டு வார்த்தைக்கா இத்தன மாசம்" என்று முணுமுணுத்துவிட்டு, உன் பையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்தாள். நீ வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்தாய், அவள் மறுபடி திணித்தாள். பஸ் வந்துவிட்டது.

இனி உனக்குத் தெரியாதது.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருடைய முகமும் கொஞ்சம் தெளிந்திருந்தது. உன் பேச்சைக் கேட்ட பிறகு, அப்பா யாரிடமும் காசு வாங்கவில்லை, யாருக்கும் வழி விடவில்லை என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. மகளென்று நினைத்தார், மகள் அப்படி இறங்குவது வழக்கமாக இருந்தது, தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை, சில வாரம் இடைநீக்கம், பிறகு அதே நாற்காலி. முன் பெஞ்சில் இருந்த படகு மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் "முடிஞ்சுது" என்று சொன்னார். அதிகாரிக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருந்திருக்கும், தும்மிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு கேள்வி, முறைக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டார். மகள் டிசம்பரிலேயே இந்தத் துறைமுகத்தை விட்டுப் போய்விட்டாள் என்பது அந்த நிமிடத்தில் உங்களுக்கு மறந்துபோயிருக்கும், அப்படித்தானே?

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர் பேனா ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தது.

"மறக்கல சார்" என்றார் அப்பா.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா மெதுவாகத்தான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ இங்க இல்லன்னு தெரியும். எந்த ஊர்ல இருக்கான்னும் தெரியும். ஆனா அந்த மூச்சு கேட்டதும், வந்துட்டா, என்கிட்ட சொல்லாம வேலைக்கு வந்துட்டான்னு நினைச்சேன். மணி அடிச்சா மேல ஏத்திடுவாங்க, மறுபடி போயிடுவா. அதனால அடிக்கல. கேட்டுக்கிட்டே இருந்தேன். அந்த மூச்சு தூரமாப் போற வரைக்கும் கேட்டேன். கப்பல் ஞாபகமே இல்ல சார். அதுல ஆளுங்க சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தாங்க."

அதிகாரி தும்மலை அடக்கியது போல இருந்தது. அப்பா தொடர்ந்தார்.

"நாளைக்கு வேற யார் மூச்சு கேட்டாலும் எனக்கு இப்படித்தான் தோணும். என்னை அந்த நாற்காலியில உக்கார வைக்காதீங்க."

நான் புத்தகங்களில் படித்திருக்கிறேன், இந்த மாதிரி இடத்தில் எல்லாரும் எழுந்து நின்று அவரைப் பாராட்டுவார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. இதை எப்படி எழுதுவது என்று அதிகாரி தட்டச்சு செய்பவரிடம் கேட்டார். அவர், எனக்கென்ன சார் தெரியும் என்றார். "இருக்கறபடி எழுதுங்க" என்றார் அப்பா.

நாங்கள் வெகுநேரம் காத்திருந்தோம். அம்மா சுவரில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள். தாள் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அப்பாவுக்குக் கயிற்றுக் கிடங்கில் வேலை. வருகிற கப்பல்களுக்குக் கட்டும் வடங்கள் அறுந்திருக்கின்றனவா என்று பார்த்து அடுக்கும் இடம். அங்கே யாரையும் கேட்கவேண்டியதில்லை.

அப்பா தாளை முழுவதும் படித்தார். நடுவில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இங்க கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்க சார்."

"ஆமா."

"கவனக்குறைவு இல்ல. கவனமாத்தான் கேட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவர் கோபப்படவில்லை, அக்கா. உண்மையாகவே யோசித்தார் என்றுதான் எனக்குப் பட்டது. கடைசியில், "இதுக்கு எங்ககிட்ட வேற வார்த்த இல்லைங்க" என்றார். வேறு என்ன வார்த்தை போடலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், தட்டச்சு செய்பவர் இயந்திரத்துக்கு உறை போட்டார். பியூன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்து எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா விழித்துக்கொண்டு, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அப்பா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் தங்கை